கல்லிலே கண்ணீர் வடித்த தாய்
கேத்தே கொல்விற்ஸ் அம்மையாரின் வாழ்வும் கலையும்

மகனைப் பறிகொடுத்த தாய் அழுவாள். அஃது உலக இயல்பு. அழுத கண்ணீர் காலத்தால் உலர்ந்துபோம். அதுவும் உலக இயல்பே. ஆனால், அக்கண்ணீரை உலரவிடாது ஏறக்குறைய 18 ஆண்டுகள் உள்ளத்திலே தேக்கிவைத்து, கருங்கல்லிலே உருவாக்கி, மகன் துயிலும் இடுகாட்டுக்கே கொண்டுசென்று வைத்த தாய் ஒருவர் இருந்தார். அவரே ஜேர்மனி நாட்டின் கேத்தே கொல்விற்ஸ் அம்மையார்.

அழகிய காட்சிகளையும் அரச குடும்பத்தாரின் உருவங்களையும் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் பலர். வறியவரின் பசியையும் தாயரின் துயரையும் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டி, அதனாலேயே உலகத்தாரின் உள்ளத்தில் இடம்பெற்றவர் இவ்வம்மையார். இவருடைய வரலாறு ஒரு கலைஞரின் வரலாறு மாத்திரமன்று. தான் செய்த பிழையைத் தானே உணர்ந்து, அவ்வுணர்ச்சியைப் பிறர்க்குப் பயன்படச் செய்த ஓர் உள்ளத்தின் வரலாறுமாகும்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1867ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆந் திகதி, கிழக்குப் பிரஷ்யாவிலுள்ள கோனிக்ஸ்பேர்க் நகரிலே பிறந்தார். மெய்யியலறிஞர் கான்ற் வாழ்ந்து மறைந்த நகரம் அது. இரண்டாம் உலகப் போரின் பின் இரஷ்யாவின் வசமாகிய அந்நகர், இன்று கலினின்கிராட் என வழங்கப்படுகின்றது.

தந்தையார் கார்ல் சிமித் சட்டம் பயின்றவர். ஆயினும், தம் அரசியற் கொள்கைக்கு அக்காலத்து அரசிலே இடமில்லையெனக் கண்டு, சட்டத் தொழிலைத் துறந்து, கொத்தனார் வேலை பழகி, வீடு கட்டும் தொழிலை மேற்கொண்டார். தாய்வழிப் பாட்டனாராகிய யூலியஸ் ருப் ஒரு குருவானவர். அரசின் ஆதரவு பெற்ற திருச்சபையோடு முரண்பட்டு, அதனின்று நீக்கப்பட்டு, கட்டற்ற சமயச் சபையொன்றைத் தோற்றுவித்தவர். மனச்சாட்சியின் பொருட்டுப் பதவியையும் வசதியையும் துறக்கலாம் என்னும் பாடத்தைப் பிள்ளை ஏட்டிலே படிக்கவில்லை. வீட்டிலேயே கண்டு வளர்ந்தது.

துயரையும் அவர் வீட்டிலேயே கண்டார். அவருடைய தாயார் தம் மக்களுட் சிலரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். கடைசித் தம்பி பெஞ்சமினும் ஒரு வயதளவில் மூளைக் காய்ச்சலால் இறந்தான். தாயார் வாய்விட்டு அழாமல் துயரை உள்ளேயே அடக்கியிருந்த காட்சி, சிறுமியின் நெஞ்சிற் பதிந்தது. பிற்காலத்தில் அவர் தீட்டிய தாயர் பலரும் ஓலமிடுவதில்லை. குனிந்த தலையும் முகத்தைத் தாங்கிய கையுமே அவர்கள் துயரைச் சொல்லும். அவ்வூமைத் துயரின் ஊற்று இளமையிலேயே தோன்றியது எனலாம்.

மகளிடத்தே கலைத்திறன் உண்டென்பதைத் தந்தையார் முதலிற் கண்டுகொண்டார். அக்காலத்து ஓவியக் கழகங்களிலே பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே, உள்ளூர்ச் செதுக்குக் கலைஞராகிய ருடோல்ப் மௌவர் என்பவரிடமும், பின்னர்ப் பேர்லினிலும் மியூனிக்கிலும் இருந்த பெண்கள் ஓவியப் பள்ளிகளிலும் அவரைப் பயிலவைத்தார். பேர்லினிலே ஆசிரியர் ஸ்ரௌபர் பேர்ண், மாணவியின் படங்களைக் கண்டு, மக்ஸ் கிளிங்கர் என்பாரின் அச்சோவியங்களைப் பார்க்குமாறு வழிகாட்டினார். அதுவே திருப்பமாயிற்று. வண்ணத்தைக் கைவிட்டுக் கோட்டையும் நிழலையும் அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்டார்.

அச்சோவியம் என்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். செப்புத் தகட்டில் மெழுகு போன்ற பூச்சிட்டு, ஊசியாற் கீறி, அமிலத்திலே தோய்த்தால், கீறிய இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளத்தில் மையேற்றித் தாளில் அழுத்தினால் ஓவியம் பிறக்கும். கல்லின்மேல் வரைந்து அச்சிடுவதும், மரத்திற் செதுக்கி அச்சிடுவதும் வேறு முறைகள். வண்ண ஓவியம் ஒன்றே ஒன்றாகச் செல்வர் வீட்டுச் சுவரிலே தொங்கும். அச்சோவியமோ பல பிரதிகளாகிக் குறைந்த விலையில் ஏழைத் தொழிலாளியின் கைக்கும் எட்டும். யாருடைய துன்பத்தை அம்மையார் தீட்டினாரோ, அவர்களிடமே அவருடைய கலை சென்று சேர்தற்கு இது வழியாயிற்று.

நெசவாளரும் உழவரும்

1891ஆம் ஆண்டிலே கார்ல் கொல்விற்ஸ் என்னும் மருத்துவரை அவர் மணந்தார். இல்லறமும் கலையும் ஒருங்கே நடவா என்று தந்தையார் கவலையுற்றார். கணவரோ தொழிலாளர் நோய்க் காப்பு நிதியின் மருத்துவராகப் பேர்லினின் வடபகுதியிலுள்ள தொழிலாளர் குடியிருப்பிலே பணியாற்றினார். அங்கே, வைசன்பேர்கர் வீதியிலே, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர்கள் வாழ்ந்தனர். வேலையிழந்தோர், காசநோயாளர், குடிகாரக் கணவனிடம் அடிபட்டோர், இன்னுமொரு பிள்ளையைப் பெற்று எவ்வாறு வளர்ப்பேன் என்று ஏங்குவோர் எனப் பெண்கள் பலர் மருத்துவரை நாடி வந்தனர். அவர்களிற் பலர் அம்மையாரிடமும் தம் குறையைச் சொல்லி அமர்ந்திருந்தனர். 1892இல் ஹான்ஸ் என்னும் மகனும், 1896இல் பீற்றர் என்னும் மகனும் பிறந்தனர்.

1893ஆம் ஆண்டு, கெர்ஹார்ட் ஹௌப்ட்மன் எழுதிய நெசவாளர் பற்றிய நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தை அம்மையார் கண்டார். 1844இலே சிலேசியா மாகாணத்து நெசவாளர் கூலி போதாது கிளர்ந்தெழுந்து, படையினராற் சுட்டு அடக்கப்பட்ட கதை அது. எடுத்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து, ஆறு ஓவியங்கள் கொண்ட ‘நெசவாளர் கிளர்ச்சி’ என்னும் தொகுதியை 1897இல் முடித்தார். முதலோவியத்திலே தறி நிறைந்த இருண்ட அறை. படுக்கையிற் கிடக்கும் குழந்தை. இரு கையாலும் தலையைப் பற்றிய தாய். இறுதியோவியத்திலும் அதே தறி அறை. அங்கே கொல்லப்பட்டோரின் உடல்களைச் சுமந்து வருகின்றனர். பசியிலே தொடங்கிய கதை பிணத்திலே முடிகின்றது.

1898ஆம் ஆண்டுப் பேர்லின் பெருங்கண்காட்சியிலே இத்தொகுதிக்குப் பொற்பதக்கம் வழங்கவேண்டுமென நடுவர் குழு பரிந்துரைத்தது. சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் இசையவில்லை. 1906இலே, வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போர் நிலையை விளக்கும் கண்காட்சிக்கு அம்மையார் ஒரு சுவரொட்டி வரைந்தார். சோர்ந்த கண்களையுடைய உழைப்பாளிப் பெண்ணின் முகம் அது. அச்சுவரொட்டியை அகற்றினாலன்றிக் கண்காட்சிக்கு வரமாட்டேன் என்று சக்கரவர்த்தினி மறுத்தார். அரண்மனை காண விரும்பாத முகங்களே அம்மையார் விரும்பித் தீட்டிய முகங்கள்.

அடுத்து, 1524, 1525ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் உழவர் நிலப்பிரபுக்களை எதிர்த்து எழுந்த போரைப் பொருளாகக் கொண்டு ஏழு ஓவியங்களை 1908இல் நிறைவு செய்தார். அவற்றுள் ஒன்று ‘போர்க்களம்’. இருள் கவிந்த இரவு. பிணங்களின் நடுவே ஒரு மூதாட்டி குனிந்து, கைவிளக்கின் ஒளியிலே ஓர் இளைஞனின் முகத்தைத் தடவிப் பார்க்கின்றாள். அவள் தேடுவது மகனை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1903இலே, இறந்த குழந்தையை இறுகத் தழுவும் தாயொருத்தியை அவர் தீட்டியிருந்தார். அதற்கு மாதிரி தேடி அவர் எங்கும் போகவில்லை. ஏழு வயதுப் பீற்றரை மடிமீது கிடத்தி, கண்ணாடியின் முன் அமர்ந்து, தம்மையும் அவனையுமே வரைந்தார். பதினோராண்டு கழித்து நிகழவிருந்ததை அன்று யார் அறிவார்?

அனுமதி பெற்றுக் கொடுத்த தாய்

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. நாடெங்கும் வெறியோடு கலந்த உற்சாகம். பதினெட்டு வயதுப் பீற்றர் தானும் போருக்குச் செல்ல விரும்பினான். வயது நிரம்பாதவன் ஆதலால், தந்தையின் அனுமதி வேண்டியிருந்தது. தந்தை மறுத்தார். நாடு இன்னும் அவனை அழைக்கவில்லையே என்பது அவர் வாதம். மகன் தாயை நோக்கினான். தாய் எழுந்து, மகனுக்காகக் கணவரிடம் மன்றாடினார். தந்தை இசைந்தார்.

முதல்நாட் போரிலே தந்தையையும் மறுநாட் போரிலே கணவனையும் இழந்த பின்னும், ஒரே மகனைத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பிய தாயைப் புறநானூற்றிலே படித்தவர்கள் நாம். நாட்டுக்காக மகனைத் தருதலே உயர்ந்த தியாகம் என்னும் எண்ணம் எந்நாட்டுக்கும் புதிதன்று. அவ்வாண்டிலே கொல்விற்ஸ் அம்மையாரும் அத்தகைய தாயாகவே நின்றார். அவரைப் பின்னோக்கிப் பார்த்துப் பழித்தல் எளிது. அன்று அவ்வாறு நில்லாத தாயர் சிலரே.

ஒக்டோபர் மாத நடுவிலே பீற்றர் போர்முனைக்குப் புறப்பட்டான். அம்மாதம் 22ஆந் திகதி இரவு, பெல்ஜியத்திலே டிக்ஸ்மூட என்னும் ஊருக்கு அண்மையில் அவன் கொல்லப்பட்டான். புறப்பட்டுப் பதினைந்து நாட்களும் ஆகவில்லை.

மகனை இழந்த துயர் ஒன்று. அவன் செல்ல வழிசெய்தவள் தானே என்னும் துயர் மற்றொன்று. முன்னையதைக் காலம் ஆற்றலாம். பின்னையதைக் காலமும் ஆற்றுவதில்லை. இங்கு இன்னுமொரு சிக்கல் இருந்தது. மகன் போரை நம்பிச் சென்றான். அந்நம்பிக்கை வெறும் மயக்கம் என்று தாய் சொல்லிவிட்டால், அவன் சாவு வீணாகிவிடுமே! சொல்லாதிருந்தாலோ, நாளும் மடியும் ஆயிரமாயிரம் மைந்தருக்கு அவர் துரோகஞ் செய்தவராவார். போரிலே பித்தையே காண்பது மகனுக்குச் செய்யும் நம்பிக்கைத் துரோகமாகுமா என்று, 1916ஆம் ஆண்டிலே தம் நாட்குறிப்பில் அவர் தம்மையே வினவினார். அவ்வினாவுக்கு விடை ஒரு நாளிற் பிறந்ததன்று. ஆண்டுக்கணக்காக நெஞ்சிலே உழன்று பிறந்தது.

1918 ஒக்டோபரிலே ஜேர்மனி தோல்வியின் விளிம்பில் நின்றது. அவ்வேளை, இறுதியாக ஒருமுறை தொண்டர்கள் திரண்டு போரிட வேண்டுமென்று கவிஞர் றிச்சர்ட் டேமல் வேண்டுகோள் விடுத்தார். அம்மையார் பத்திரிகை வாயிலாக அதனை வெளிப்படையாக மறுத்தார். மாண்டது போதும், இனி ஒருவரும் மாளலாகாது என்பது அவர் முடிபு. பெருங்கவிஞர் கோதேயிடம் பெற்ற உவமையால், இளைஞரை விதைத் தானியத்துக்கு அவர் ஒப்பிட்டார். பஞ்சத்திலும் விதை நெல்லைக் குற்றித் தின்னாத உழவர் மரபிலே வந்த நமக்கு, அவ்வுவமையின் பொருள் நன்கு விளங்கும். மகனை அனுப்ப அனுமதி பெற்றுக் கொடுத்த அதே தாய், நான்கு ஆண்டுகளின் பின் பிறர் மக்களைத் தடுத்து நிறுத்தக் கைநீட்டினார்.

கல்லான துயர்

1919ஆம் ஆண்டிலே பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்து, பேராசிரியர் என்னும் பட்டமும் அளித்தது. அக்கழகத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட முதற் பெண் அவரே. ஆயினும், போரைப் பற்றிய தம் எண்ணத்தை உருவாக்கத் தக்க வழி அவருக்கு அகப்படவில்லை. செப்புத் தகட்டில் முயன்றார், கல்லிலே முயன்றார், மனநிறைவு கிட்டவில்லை. 1920இலே ஏர்ண்ஸ்ற் பார்லாக் என்பாரின் மரச்செதுக்கு ஓவியங்களைக் கண்டதும் வழி பிறந்தது. மரத்திலே மென்மையான நிழலுக்கு இடமில்லை. கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, உளியின் தழும்பு உண்டு. அத்துயருக்கு அக்கருவியே ஏற்றதாயிற்று.

அவ்வாறு உருவான ‘போர்’ என்னும் தொகுதி ஏழு ஓவியங்களைக் கொண்டது, 1923இல் வெளிவந்தது. போர்க்களமோ துப்பாக்கியோ வெற்றிக்கொடியோ அவற்றில் இல்லை. வீட்டிலே எஞ்சியவர்களே உண்டு. முதலோவியத்திலே தாயொருத்தி தன் பச்சிளங் குழந்தையைக் கைகளில் ஏந்திப் பலிகொடுக்கின்றாள். இரண்டாவதிலே சாவு முரசறைந்து முன்செல்ல, இளைஞர் மயங்கியவராய்ப் பின்செல்கின்றனர். சாவின் அருகே செல்பவன் பீற்றர். தொடர்ந்து பெற்றோர், விதவையர், தாயர், மக்கள். பெற்றோர் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கவிந்து ஒரே கரிய பாறைபோற் கிடக்கின்றனர். தாயரோ பிள்ளைகளை நடுவில் வைத்து ஒருவரையொருவர் தழுவிக் கோட்டைபோல் நிற்கின்றனர். முதலோவியத்திற் குழந்தையை நீட்டிய கை, பின்னதிற் குழந்தையை மறைக்கின்றது. இத்தொகுதியின் கருத்து முழுவதும் இம்மாற்றத்தில் அடங்கும்.

போருக்குப் பின் பஞ்சம் வந்தது. வியன்னாவின் குழந்தைகளுக்காகவும், இரஷ்யாவின் பஞ்சத்துக்காகவும், ஜேர்மன் குழந்தைகளின் பசிக்காகவும் அவர் சுவரொட்டிகள் வரைந்தார். வெற்றுக் கிண்ணத்தை ஏந்தி மேனோக்கும் குழந்தைகளின் கண்களைக் கண்டவர் மறத்தல் அரிது. 1924இலே, லைப்சிக் நகரில் நடந்த இளைஞர் மாநாட்டுக்காக, இனிப் போர் வேண்டாமென்று கையுயர்த்தி முழங்கும் இளைஞனை வரைந்தார். வழக்கமான ஓவியம் வீட்டுச் சுவருக்கு. அவருடையதோ வீதிச் சுவருக்கு.

இவ்வளவுக்கும் இடையே, நெஞ்சின் ஆழத்திலே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பீற்றர் இறந்த இரண்டாம் மாதமே, 1914 டிசெம்பரிலே, அவனுக்கொரு நினைவுச் சிலை அமைக்க எண்ணினார். மகன் நீட்டி நிமிர்ந்து கிடக்க, தலைமாட்டிலே தந்தையும் காலடியிலே தாயும் இருப்பதே முதல் எண்ணம். ஆண்டுக்கணக்காக உழைத்தும் அது கைகூடவில்லை. 1919இலே வேலையை நிறுத்தினார். சில ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் தொடங்கினார். 1926இலே கணவரோடு பெல்ஜியம் சென்று மகனின் கல்லறையை நேரிற் கண்டார். இறுதியில், 1932ஆம் ஆண்டு யூலை மாதம், றொக்கவெல்ட என்னும் இடத்து இடுகாட்டிலே இரு கருங்கற் சிலைகள் நிறுவப்பெற்றன.

அவற்றிலே மகன் இல்லை. பெற்றோர் மாத்திரமே உளர். தந்தை முழந்தாளிட்டு, இரு கையாலும் தன் மார்பை இறுகக் கட்டி, நிமிர்ந்து நோக்குகின்றார். தாய் முழந்தாளிட்டுக் குனிந்திருக்கின்றார். முகங்கள் கார்லின் முகமும் கேத்தேயின் முகமும். மகனைப் போற்றும் சிலையாகத் தொடங்கியது, மகனின் முன் மண்டியிடும் பெற்றோரின் சிலையாக முடிந்தது. வீரனுக்குச் சிலை எடுப்பதே வழக்கம். வீரனை அனுப்பியோர் மண்டியிடும் சிலை உலகில் அரிது. ஒரு மகன் மறைந்ததனால், அவ்விடுகாட்டில் உறங்கும் மைந்தர் அனைவருக்கும் அவ்விருவரும் பெற்றோராயினர். பின்னர் 1950களின் நடுப்பகுதியில், பீற்றரின் கல்லறையோடு அச்சிலைகளும் விளாட்ஸ்லோ என்னும் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன. 25,000க்கும் மேற்பட்ட ஜேர்மன் வீரர் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர்.

இருள் சூழ்ந்த முதுமை

சிலை நிறுவி ஓராண்டு நிறையுமுன் ஹிற்லர் ஆட்சிக்கு வந்தார். நாசிகளை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்னும் அறிக்கையிற் கையொப்பமிட்டமைக்காக, 1933 பெப்ரவரியிலே அம்மையார் கலைக்கழகத்தினின்று விலக நேர்ந்தது. அவருடைய படைப்புகள் கண்காட்சியினின்றும் அகற்றப்பட்டன. 1936இலே இரகசியப் பொலிசார் வீட்டுக்கே வந்து, சிறைமுகாமுக்கு அனுப்புவதாக அச்சுறுத்தினர். ஏறக்குறைய எழுபது வயதிலும் அவர் நாட்டை விட்டு ஓடவில்லை, வேலையையும் விடவில்லை. சாவைப் பற்றிய எட்டுக் கல்லச்சோவியங்களைத் தீட்டினார். இறந்த மகனை முழங்கால்களுக்கிடையே அணைத்து அமர்ந்திருக்கும் முதிய தாயின் சிறு சிலையொன்றையும் செய்தார். சிலுவையினின்று இறக்கிய இயேசுவை மடியில் தாங்கும் மரியன்னையின் உருவம் கிறித்தவக் கலையிற் பழைமையானது. அம்மையார் அதனை மண்ணுலகத் தாயொருத்தியின் உருவமாக்கினார்.

1940ஆம் ஆண்டு கணவர் இறந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942இன் தொடக்கத்திலே தம் இறுதிக் கல்லச்சோவியத்தைத் தீட்டினார். முதியவள் ஒருத்தி தன் மேலங்கியை விரித்து, வெளியே ஓடத் துடிக்கும் சிறுவரைத் தன் கைகளின் கீழ் அடக்கி வைத்திருக்கின்றாள். 1918இலே எழுதிய அதே விதைத் தானியத்தின் உவமையையே அதற்குத் தலைப்பாக இட்டார். அவ்வாண்டு செப்ரெம்பரிலே, ஹான்ஸின் மகன், இறந்த சித்தப்பனின் பெயரையே தாங்கிய பேரன் பீற்றர், இரஷ்யப் போர்முனையில் மாண்டான். 1943இலே அம்மையார் பேர்லினை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய வீடு குண்டுவீச்சில் அழிந்தது. பின்னர் டிறெஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள மொறிற்ஸ்பேர்க்கிலே தங்கி, 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆந் திகதி உயிர்நீத்தார். ஐரோப்பாவில் போர் ஓய்வதற்குப் பதினாறு நாட்களே எஞ்சியிருந்தன.

நாம் கொள்ளும் பாடம்

அவர் வாழ்ந்த வீதி 1947ஆம் ஆண்டு முதல் அவர் பெயராலேயே வழங்குகின்றது. சீன எழுத்தாளர் லூ சுன், அம்மையார் உயிருடனிருந்த காலத்திலேயே, 1936இல் அவருடைய ஓவியங்களைத் தொகுத்துத் தம் நாட்டிலே வெளியிட்டார். அவற்றைக் கண்டு சீனத்து இளைஞர் பலர் மரச்செதுக்குக் கலையை மேற்கொண்டனர். 1993ஆம் ஆண்டிலே, அவர் செய்த தாயும் மகனும் சிலை பெரிதாக்கப்பட்டு, பேர்லினிலே போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் நினைவாலயத்தில் வைக்கப்பட்டது. கொன்றோரையும் கொல்லப்பட்டோரையும் ஒரே சிலையின் கீழ் நினைவுகூரலாமா என்று பலர் அன்று கண்டித்தனர். அக்கண்டனமும் நியாயமானதே. ஒரு தாயின் துயர் எவ்வளவு பெரிதாயினும், பிறர் துயர் எல்லாவற்றுக்கும் அதுவே விடையாகிவிடாது.

எனினும், அம்மையார் நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு. துயருற்றோர் பகைவனைப் பழித்தல் இயல்பு. விதியை நோதலும் இயல்பு. இவரோ தம்மையே முதலில் விசாரணைக்கு உட்படுத்தினார். தம் கை அதிற் கலந்திருந்தது என்பதை மறைக்காமையினாலேதான், அவர் துயர் தம் வீட்டு வாயிலோடு நின்றுவிடாது பிறர் வீடுகளுக்கும் சென்று ஆறுதல் கூறிற்று. மகனின் நிழற்படம் ஒன்று சுவரில் இருக்க, அவன் அமர்ந்த இடம் வெறுமையாக இருக்கும் வீடு எத்தகையது என்பதை, இம்மலரை வாசிப்போருட் பலருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வாலிபராகிய நாம் உற்சாகம் மிக்கவர்கள். அழைக்குங் குரல் உரக்க ஒலித்தால் எழுந்து ஓடுபவர்கள். ஓடுமுன், பெல்ஜியத்து இடுகாட்டிலே மண்டியிட்டிருக்கும் அவ்விருவரையும் ஒரு கணம் நினைப்போமாக. நம்மைப் பெற்றோரை அந்நிலையில் வையாதிருத்தல் நம் கடன். பிறரைப் பெற்றோரை அந்நிலையில் வையாதிருத்தலும் நம் கடனே.